அட்டன்பரோ: ஓர் அரிய ஆங்கிலக் குடும்பப்பெயரின் வேரைக் கண்டறியும் வழி

காட்டுயிர்களைப் பற்றிய ஆவணப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டேவிட் அட்டன்பரோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1982ஆம் ஆண்டில் காந்தியடிகளின் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்த ரிச்சர்ட் அட்டன்பரோ அவருடைய அண்ணன். இவ்விருவராலும் உலகெங்கும் ஒலிக்கும் இக்குடும்பப்பெயர் இங்கிலாந்தில் அரிதானது. ஸ்மித் என்னும் பெயரை இலட்சக்கணக்கானோர் தாங்கும் அதே நாட்டில், அட்டன்பரோக்களை ஒரு சிறு வட்டாரத்துக்குள் அடக்கிவிடலாம் என்னும் நிலையே நெடுங்காலம் இருந்தது.

இப்பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால், "ஊருக்கு அருகே வசித்தவர்" என்றோ "கோட்டைக்கு அருகே வசித்தவர்" என்றோ உடனே ஒரு விடை கிடைக்கும். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும் அந்த விடை பெரும்பாலும் தவறானது. ஏன் தவறு என்பதை ஒவ்வொரு படியாக ஆராய்ந்தால், எந்த அரிய ஆங்கிலக் குடும்பப்பெயரையும் நாமே ஆராயும் முறை பிடிபட்டுவிடும். எனவே இவ்வழிகாட்டி அட்டன்பரோ என்ற ஒரே பெயரைத் தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடர்கிறது.

தேடத் தொடங்கும் முன்

தமிழர்களில் பெரும்பாலோர் தந்தையின் பெயரையே தலைப்பெழுத்தாகக் கொள்வதால், ஒரே பெயர் எழுநூறு ஆண்டுகள் தந்தையிடமிருந்து மகனுக்கு மாறாமல் இறங்கிவரும் முறை நமக்குச் சற்று அயலானது. இங்கிலாந்திலும் அது தொன்றுதொட்டு இருந்த வழக்கமன்று. 1066ஆம் ஆண்டின் நார்மானியப் படையெடுப்புக்குப் பின்னர், நிலவுடைமைப் பிரபுக்கள் தம் நிலப்பகுதியின் பெயரைப் பரம்பரைப் பெயராகக் கொள்ளத் தொடங்கினர்; பிறகு நகரத்தாரும் உழவர்களும் அதைப் பின்பற்ற, 14ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் நாட்டின் பெரும்பகுதியில் குடும்பப்பெயர்கள் நிலைத்துவிட்டன. வட பகுதிகளில் மட்டும் இது சற்றுத் தாமதமாக நடந்தது.

அப்பெயர்கள் தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர், இடம் ஆகிய நான்கில் ஒன்றிலிருந்து பிறந்தவை. நமக்கு இங்கே வேண்டியது இடம். இடத்தால் அமைந்த பெயர்களிலும் இரண்டு வகை உண்டு: ஓடை, மேடு, மரம் போன்ற நிலக்கூறு ஒன்றைச் சுட்டுபவை, குறிப்பிட்ட ஓர் ஊரைச் சுட்டுபவை. முதல் வகைப் பெயர் எங்கு வேண்டுமானாலும் தோன்றலாம் என்பதால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல குடும்பங்கள் அதைத் தாங்கும். இரண்டாம் வகைப் பெயரோ ஒரே ஊரிலிருந்து, சில நேரங்களில் ஒரே மனிதரிலிருந்து கிளைத்திருக்கக்கூடும். அட்டன்பரோ இவ்விரண்டில் எந்த வகை என்பதே இத்தேடலின் மையக் கேள்வி.

ஊர்ப்பெயரைத் தாங்குபவர் அவ்வூரில் இருப்பவர் அல்லர், அவ்வூரை விட்டு வெளியேறியவர் என்பதையும் இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஊருக்குள் எல்லாருமே அவ்வூரார் என்பதால் அப்பெயரால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்ட இயலாது. பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்த பின்னரே அது அடையாளமாகிறது. நாட்டிங்ஹாம்ஷயரில் அட்டன்பரோ என்றே ஒரு சிற்றூர் உண்டு. அங்கே 1611ஆம் ஆண்டில் பிறந்து, பின்னாளில், மன்னராட்சியை வீழ்த்தி இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனாகவும் படைத்தளபதியாகவும் விளங்கியவரின் பெயர் ஹென்றி அயர்ட்டன். அயர்ட்டன் என்பதும் ஊர்ப்பெயர்தான். ஆனால் அந்த ஊர் அண்டைய டார்பிஷயரில் உள்ளது.

முதற்படி: எழுத்து வடிவங்களைத் திரட்டுதல்

ஆங்கில எழுத்துக்கூட்டல் நிலைபெற்றது அண்மைக்காலத்தில்தான். எழுதப் படிக்கத் தெரியாத உழவர் தம் பெயரைச் சொல்ல, கோயில் எழுத்தர் தம் காதுக்குக் கேட்டவாறு எழுதிக்கொண்டார். ஒரே மனிதரின் திருமணப் பதிவிலும் அடக்கப் பதிவிலும் இரு வேறு வடிவங்கள் இருப்பது இயல்பு. ஆகவே அட்டன்பரோ, அட்டன்பர்ரோ, அட்டன்புரோ என முடிவெழுத்து மாறும் எல்லா வடிவங்களையும் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தரின் செவிப்பிழையோடு, இன்று அப்பழைய கையெழுத்தைப் படித்துக் கணினியில் ஏற்றியவரின் கண்பிழையும் சேரும். இரட்டை 'ட்' எழுத்தின் குறுக்குக்கோடு மங்கியிருந்தால், பெயர் அல்லன்பரோ என்று பதிவாகிவிடவும் கூடும். தேடுபவர் இதையும் எதிர்பார்க்க வேண்டும்.

குடும்பப்பெயர் எவ்வளவு தூரம் தேயும் என்பதற்கு நம் மலையிலேயே ஒரு சான்று உண்டு. நீலகிரியில் கூடலூரை அடுத்துள்ள ஓவேலி என்ற பெயர், அங்கே தோட்டங்கள் அமைத்த ஆக்டர்லோனி குடும்பத்தின் பெயரால் அமைந்த பள்ளத்தாக்கின் பெயர் சுருங்கி உருவானது. முதலெழுத்து மட்டும் எஞ்சி, பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதனோடு ஒட்டிக்கொண்டது. அப்பெயர் ஆங்கிலப் பெயரன்று, ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பகுதி நிலம் ஒன்றின் பெயர். ஸ்காட்லாந்திலேயே அதை மூன்று நான்கு விதமாக எழுதிவந்தார்கள்.

இரண்டாம் படி: சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

பிழையான விடை பிறப்பதும் உண்மையான விடையின் முதற்குறிப்பு கிடைப்பதும் இப்படியில்தான். எனவே இங்கே அவசரப்படக் கூடாது.

பெயரின் பின்பாதி தெளிவானது. 'புர்ஹ்' என்னும் பழைய ஆங்கிலச் சொல்லுக்கு அரண் சூழ்ந்த இடம், கோட்டை என்று பொருள். பீட்டர்பரோ, ஸ்கார்பரோ, எடின்பரோ ஆகிய ஊர்ப்பெயர்களின் முடிவில் இருப்பதும் அதுவே. அச்சொல் வேற்றுமை உருபேற்கும்போது 'பிரிக்' என்று திரியும். கேன்டர்பரி, சாலிஸ்பரி போன்ற பெயர்கள் அத்திரிந்த வடிவத்திலிருந்து வந்தவை. ஆகவே 'பரோ', 'பரி' என்ற இரு முடிவுகளும் ஒரே சொல்லின் இரு முகங்கள்.

சிக்கல் முன்பாதியில் இருக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டெ' என்பதற்கு 'அதன் அருகில்' என்று பொருள். அட்வுட் என்பவர் காட்டருகே வசித்தவர். அட்வெல் என்பவர் ஊற்றருகே வசித்தவர். பழைய ஆங்கிலத்தில் அஃறிணைப் பொருள்களின் பெயர்களுக்கும் ஆண்பால், பெண்பால் வேறுபாடு இருந்ததால், அடுத்து வரும் சொல்லின் பாலுக்கேற்ப இது 'அட்டென்' என்றும் 'அட்டெர்' என்றும் வரும். 'அட்டென் ஆஷ்' என்றால் ஆஷ் மரத்தருகே என்று பொருள். உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்று நன்னூல் சொல்வதுபோலவே, இங்கே நகர மெய் அடுத்து வந்த உயிரோடு ஒட்டிக்கொள்ள, பிற்காலத்தார் பிழையான இடத்தில் பிரித்து 'நாஷ்' என்ற குடும்பப்பெயரை உண்டாக்கினர். ஓக் மரங்களின் அருகே வசித்தவர் 'நோக்ஸ்' ஆனதும் இவ்வாறுதான்.

இந்த விதியை அறிந்தவர் அட்டன்பரோவைக் கண்டதும் 'அட்டென் + பரோ', அதாவது கோட்டையருகே வசித்தவர் என்று பிரித்துவிடுவார். ஆனால் இலக்கணம் ஒரு தடையை எழுப்புகிறது. 'புர்ஹ்' பழைய ஆங்கிலத்தில் பெண்பாற்சொல். பெண்பாலுக்கு முன் வரவேண்டியது 'அட்டெர்', 'அட்டென்' அன்று. அதற்கேற்பவே அட்டர்பரி என்றொரு குடும்பப்பெயர் இருக்கிறது. கோட்டையருகே வசித்தவர் என்ற பொருள் அதற்கு முறையாகப் பொருந்துகிறது. அட்டன்பரோவில் ரகரம் இல்லை, னகரமே இருக்கிறது.

இதை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிட முடியாது. இடைக்கால ஆங்கிலத்தில் பால் வேறுபாடு மெல்ல அழிந்துகொண்டிருந்தது. ஓக் மரத்தைக் குறிக்கும் பழைய சொல்லும் பெண்பாலே. அதிலிருந்து விதிப்படி 'ரோக்' என்ற குடும்பப்பெயரும் பிறந்தது, பன்மையில் மேலே கண்ட 'நோக்ஸ்' என்பதும் பிறந்தது. எனவே இலக்கணம் ஐயத்தை எழுப்புகிறது. முடிவை வேறோரிடத்தில் தேட வேண்டும். பெயர் ஆராய்ச்சியில் சொற்பிரிப்போடு நின்றுவிடுபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: ஊர்ப்பெயரின் பழைய வடிவத்தைப் பார்த்தல்

நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, பீஸ்டனை அடுத்து, டிரென்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. சரளைக்கல் தோண்டியெடுத்த குழிகளில் நீர் நிறைந்து உருவான ஏரிகளால் அது இன்று பறவைகளுக்குப் பெயர்போன காப்பிடமாக இருக்கிறது. 1966ஆம் ஆண்டில் அக்காப்பிடத்தைத் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோ.

இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களை மாவட்டவாரியாக ஆராய்ந்து வெளியிடும் ஆங்கில இடப்பெயர்க் கழகம் 1920களில் தொடங்கி இன்றும் செயல்படுகிறது. நாட்டிங்ஹாம்ஷயருக்கான தொகுதி 1940இல் வெளிவந்தது. இத்தகைய தொகுதிகளில் ஒவ்வோர் ஊரின் பெயரும் எந்தெந்த ஆவணத்தில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பது கால வரிசையில் தரப்பட்டிருக்கும். அட்டன்பரோ 12ஆம் நூற்றாண்டில் 'அடின்புர்கா' என்று எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் உயிர்களுக்கிடையே ஒற்றை டகரம் மெலிந்தும் இரட்டித்தால் வலிந்தும் ஒலிப்பதால், இவ்வேறுபாடு நம் எழுத்திலேயே தெளிவாகத் தெரிகிறது: பழைய பெயரில் இருப்பது மெலிந்த ஒலி, இன்றைய பெயரில் இருப்பது வலிந்த ஒலி. 'அருகில்' என்ற பொருள்தரும் 'அட்டெ' தொடக்கத்திலிருந்தே வலிந்த ஒலி உடையது. ஆகவே இவ்வூரின் பெயரில் அது இருந்திருக்க முடியாது. 'அடா' என்றோ அதற்கு நெருங்கிய வேறு வடிவத்திலோ பெயர்கொண்ட, நார்மானியருக்கு முந்தைய ஆங்கிலோ-சாக்சன் மனிதர் ஒருவரோடு தொடர்புடைய அரண் என்பதே இவ்வூர்ப்பெயரின் பொருள்.

இந்தப் பொருள் குடும்பப்பெயருக்கும் உரியதா என்று அறிய, அப்பெயர் இவ்வூரிலிருந்துதான் பரவியது என்பதற்குச் சான்று வேண்டும். அடுத்த படி அதற்காகவே.

நான்காம் படி: பரவலை வரைபடத்தில் குறித்தல்

1881ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இதற்கு ஏற்ற கருவி. அதன் பெயர்ப்பட்டியல் முழுவதும் தன்னார்வலர்களின் பேருழைப்பால் படியெடுக்கப்பட்டு, கட்டணமின்றித் தேடக் கிடைக்கிறது. இரயில் பாதைகளும் ஆலைகளும் மக்களை ஓரளவு இடம்பெயர்த்திருந்தாலும், அரிய பெயர்கள் அப்போதும் தம் பிறப்பிடத்தைச் சுற்றியே அடர்ந்திருந்தன. மாவட்டவாரியாக எண்ணிக்கையை எடுத்து, அதை அந்த மாவட்டத்தின் மக்கள்தொகையோடு ஒப்பிட வேண்டும். வெறும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இலண்டன் எல்லாப் பெயருக்கும் தாயகம்போலத் தோன்றிவிடும். விக்டோரியா காலத்து இலண்டனில் அட்டன்பரோ என்ற பெயர் அடகுக்கடையோடு சேர்த்துப் பேசப்பட்டது. அக்குடும்பத்தார் சிலர் அத்தொழிலில் பெயர்பெற்றிருந்தமையே காரணம். அதைக்கொண்டு இப்பெயர் இலண்டனில் பிறந்தது என்று ஒருவர் கருதினால் அது பெரும்பிழை.

அட்டன்பரோக்கள் நாட்டிங்ஹாம்ஷயரிலும் அதை ஒட்டிய டார்பிஷயர்ப் பகுதியிலுமே செறிந்திருந்தனர். இச்செறிவே நம் கேள்விக்கு விடை தருகிறது. கோட்டையருகே வசித்தவர் என்ற பொதுப்பொருள் உண்மையானால், கோட்டை இருந்த ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்பெயர் தனித்தனியே முளைத்திருக்க வேண்டும், அவ்வாறு நிகழவில்லை. ரிச்சர்ட், டேவிட் இருவருக்கும் தந்தையான ஃபிரெடரிக் அட்டன்பரோ 1887இல் பிறந்த ஸ்டேபிள்ஃபோர்டும் அட்டன்பரோ சிற்றூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: பதிவேடுகளில் பின்னோக்கி நடத்தல்

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல வேண்டும். நடுவில் தாண்டக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கியது. அரிய பெயரை ஆராய்பவருக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. ஸ்மித்களை எவராலும் எண்ணி முடிக்க இயலாது. ஆனால் அட்டன்பரோ என்ற பெயரில் உள்ள எல்லாப் பதிவுகளையும் ஒருவரே திரட்டிக் குடும்பங்களாகக் கோத்துவிடலாம். இவ்வாறு ஒரே பெயரை முழுமையாக ஆராய்வோருக்கென 1979ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பயன்படுத்துவோர், 1841ஆம் ஆண்டுப் படிவத்தில் வசிக்கும் மாவட்டத்தில் பிறந்தவரா, இல்லையேல் ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ வெளிநாட்டிலோ பிறந்தவரா என்ற கேள்விகள் மட்டுமே இருந்தன என்பதையும், பிறந்த ஊர் 1851 முதலே எழுதப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆகையால் 1851க்கு முன் இறந்துவிட்ட ஒருவரின் பிறந்த ஊரைத் திருச்சபைப் பதிவேடுகளில்தான் தேட முடியும். அப்பதிவேடுகள் 1538ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல்லின் ஆணையால் தொடங்கியவை. 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு படி ஆயருக்கு அனுப்பப்பட்டது என்பதால், மூலம் அழிந்த இடத்தில் அப்படியைத் தேடலாம். உள்நாட்டுப் போர் நடந்த 1640களிலும் அதையடுத்த பத்தாண்டிலும் பல ஊர்களில் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். மேலும், 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது என்பதை மறந்தால், பிப்ரவரியில் நடந்த அடக்கம் ஓராண்டு பிழையாகக் கணக்கில் ஏறிவிடும்.

இன்னொரு நடைமுறைக் குறிப்பு: அட்டன்பரோ திருச்சபை எல்லைக்குள் சில்வெல், டோட்டன் ஆகிய ஊர்களும் அடங்கியிருந்தன. அங்கே திருமுழுக்குப் பெற்றவர் என்ற குறிப்பைக் கொண்டு, அச்சிற்றூரிலேயே அவர் வீடு இருந்தது என்று கொள்ளக் கூடாது.

1538க்கு முன்னே செல்ல விரும்புவோருக்கு 1327, 1332ஆம் ஆண்டுகளின் வரிப்பட்டியல்களும், 1377 முதல் 1381 வரையிலான தலைவரிப் பட்டியல்களும் உள்ளன. அவற்றில் ஆளின் பெயருக்கும் இடத்தின் பெயருக்கும் நடுவில் நிற்கும் சிறு சொல்லைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 'டெ' என்று இருந்தால் அது பெரும்பாலும் ஊரைச் சுட்டும். 'அட்டெ' என்று இருந்தால் நிலக்கூறைச் சுட்டும். இலத்தீனில் எழுதிய எழுத்தர் சிலர் இரண்டுக்கும் 'டெ' என்றே எழுதியதால், ஒரே ஒரு பதிவை வைத்து முடிவுகட்டுவது நல்லதன்று.

ஆறாம் படி: மரபணுச் சான்று

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கிறது. ஆங்கிலக் குடும்பப்பெயரும் அவ்வழியே செல்கிறது. இவ்வொற்றுமையைக் கொண்டு லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 40 பிரித்தானியக் குடும்பப்பெயர்களைத் தாங்கிய 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டு, 2009இல் முடிவை வெளியிட்டனர். ஸ்மித் போன்ற பெருவழக்கான பெயர்களைத் தாங்குவோரிடையே, பொதுமக்களிடம் காணப்படும் அளவுக்கு மேல் ஒற்றுமை இல்லை; ஸ்மித் என்றால் கொல்லர், கொல்லர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார் என்பதால் அதில் வியப்பில்லை. அரிய பெயர்களிலோ, பெயர் ஒன்றானால் குரோமோசோம் வகையும் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு மிகுந்திருந்தது. ஆராயப்பட்ட பெயர்களுள் அட்டன்பரோவும் ஒன்று. அப்பெயருடைய ஆண்களில் பெரும்பாலோர் ஒரே வகையைப் பகிர்ந்துகொண்டிருந்தனர்.

ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த பெயர் என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. இப்பல்கலைக்கழகம் முன்பு கல்லூரியாக இருந்தபோது, 1932 முதல் 1951 வரை அதன் முதல்வராக இருந்தவர் ஃபிரெடரிக் அட்டன்பரோ என்பதை எண்ணும்போது எனக்கு மனநிறைவு உண்டாகிறது.

ஆயினும் மரபணு ஒன்றே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு குடும்பத்து ஆண்கள் அனைவரும் ஒரே வகையைப் பெற்றிருந்தாலும், அம்மூதாதை எந்த ஊர்க்காரர் என்பதைக் குரோமோசோம் சொல்லாது. அதை வரைபடமும் பதிவேடும்தான் சொல்லும். மேலும் தத்தெடுத்தல், தாயின் பெயரை ஏற்றல் போன்ற காரணங்களால் ஒருவரின் குரோமோசோம் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகாமல் போகலாம். அதனால் அவர் அக்குடும்பத்தவர் அல்லர் என்று ஆகிவிடாது.

ஏழாம் படி: எண்ணிக்கையையும் புகழையும் வேறுபடுத்தல்

ஒரு பெயர் அரிதாவதற்கு யாரும் குற்றவாளி அல்லர். மகன்கள் இல்லாத குடும்பத்தோடு பெயரும் முடிகிறது. சில மகன்களே பிறக்கும் தலைமுறைகள் அடுத்தடுத்து வந்தால் அது சுருங்குகிறது. பெயர்கள் இவ்வாறு மறையும் விகிதத்தைக் கணக்கிட முடியுமா என்று அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1873இல் கேட்டார்; கணிதவியலாளர் ஹென்றி வாட்சன் அடுத்த ஆண்டில் அவரோடு சேர்ந்து விடை வெளியிட்டார். ஓர் ஊரில் ஒரு மனிதரோடு தொடங்கிய பெயர் எழுநூறு ஆண்டுகள் தாங்கி நின்றதே பெரிது.

இன்றைய எண்ணிக்கைக்கு 2016இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட பிரித்தானிய, அயர்லாந்துக் குடும்பப்பெயர் அகராதியைப் பார்க்கலாம். 45,000க்கும் மேற்பட்ட பெயர்களுக்கு, பழைய பதிவுகள், 1881ஆம் ஆண்டுப் பரவல், இன்றைய எண்ணிக்கை ஆகியவற்றோடு விளக்கம் தரும் அந்நூல் பெரிய நூலகங்களில் கிடைக்கும். குடும்பப்பெயருக்கென்று சின்னம் அச்சிட்டு விற்போரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: இங்கிலாந்தில் குலச்சின்னம் தனிமனிதருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்படுவது, ஒரு பெயரைத் தாங்கும் எல்லாருக்கும் உரியதன்று.

புகழ் என்பது வேறு கணக்கு. அண்மைக் காலத்தில் அட்டன்பரோ என்ற பெயர், அதைத் தாங்கும் மனிதர்களைத் தாண்டி உயிரினங்களுக்கும் பரவியது. பிலிப்பைன்ஸின் பலாவான் தீவு மலையில் வளரும் ஒரு பெரிய குடுவைத் தாவரமும், நியூகினியின் சைக்ளோப்ஸ் மலையில் வாழ்ந்து 2023இல் முதன்முறையாகப் படக்கருவியில் பதிவான முட்டையிடும் பாலூட்டி ஒன்றும் தம் இலத்தீன் பெயரில் அதைத் தாங்கி நிற்கின்றன. அண்டார்க்டிகா செல்லும் பிரித்தானிய ஆய்வுக் கப்பலும் தாங்குகிறது. இதனால், கணினியில் இப்பெயரைத் தேடும் எவருக்கும் முதலில் வந்து குவிவது தாவரமும் விலங்கும் கப்பலும் ஆவணப்படமுமே. குடும்ப வரலாற்றைத் தேடுவோர் தம் தேடலை 1920க்கு முந்தைய பதிவுகளோடு நிறுத்திக்கொண்டு, நாட்டிங்ஹாம்ஷயரின் திருச்சபைப் பதிவேட்டிலிருந்தே தொடங்குவது காலத்தை மிச்சப்படுத்தும்.